நாலு சொட்டுக் குளம்பெண்ணெய்

தணிகாசலம் தன் தலைக்குத் தன் கையால் எண்ணெய் வைத்து ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. சனிக்கிழமை தோறும் எண்ணெய்ப் புட்டியை மனைவி குணசுந்தரியின் முன்னால் வைத்துவிட்டு, வாசற்படியில் முதுகைக் காட்டி உட்கார்ந்துவிடுவார். பக்கத்து வீட்டுப் பெண்கள், "இன்னாமா கொஞ்சல் இந்த வயசுல!" என்று கேலி செய்வார்கள். குணசுந்தரியும் சிரித்து வைப்பாள். கொஞ்சலாவது மண்ணாங்கட்டியாவது. அந்த மனுஷருக்கு எண்ணெய் ஊற்றப் பயம். சாமி விளக்குக்கும் ஊற்றமாட்டார், தோசைக்கல்லுக்கும் ஊற்றமாட்டார். ஏன் பயம் என்பது அந்த வீட்டில் இரண்டு பேருக்கும் தெரியும். அந்தப் பயத்துக்கு அவரிடம் ஒரு காரணமும் இல்லை என்பது குணசுந்தரிக்கு மட்டும்தான் தெரியும்.

எழுபத்தேழாம் வருஷம் மார்கழித் திருவாதிரை ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. அன்று காலை கும்மிடிப்பூண்டியில் அவர்கள் குடியிருந்த ஓட்டு வீட்டுக்கு ஃபோர்மேன் லோகநாதன் சைக்கிளில் வந்து இறங்கினார். தொழிற்பேட்டையில் இரும்புக் கம்பி இழுக்கிற மில்லில் அவர் ஃபோர்மேன். தணிகாசலம் அதே மில்லில் தினக்கூலி. துண்டு இரும்பு பொறுக்குவார், தரை கூட்டுவார்.

குணசுந்தரி ஒரு தட்டில் திருவாதிரைக் களி வைத்துக் கொடுத்தாள். லோகநாதன் அதைத் தொடாமலே பேச ஆரம்பித்தார்.

"தங்கச்சி, நீயாவது உன் ஊட்டுக்காரருக்குப் புத்தி சொல்லும்மா. ஆயில்மேன் வேலை, பர்மனென்ட்டு. மேனேஜராண்ட பேசி முடிச்சிட்டு வந்துகீறேன். இவரு இன்னாடான்னா வேணான்றாரு."

"இவருக்கு இன்னா தெரியும்னு ஆயில்மேன் வேலை குடுக்கிறீங்க?" என்று குணசுந்தரி கேட்டாள். தெரியாதவள் மாதிரி கேட்டாள்.

"இன்னா தெரியுமா? போன வாரம் ஒரு பையன் கையில கெடச்ச கிரீஸ பேரிங்ல அப்பிக்கினு இருந்தான். இவரு தொடப்பத்தப் புடிச்சிக்கினு நின்னு பாத்தாரு. 'இந்தச் சூட்டுக்கு அது தாங்காது சார், உருகி ஓடிரும்'னாரு. சாயங்காலத்துக்குள்ள பேரிங் எரிஞ்சி போச்சி. எனக்கு இருவது வருசம் சர்வீசு. எனக்கே தோணல."

தணிகாசலம் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: "எதுக்கு இன்னா எண்ணெ போடணும்னு சொல்லித் தரேன் சார். ஊத்துறதுக்கு வேற ஆளப் பாருங்க. என் கை சரியில்ல."

"கைக்கு இன்னா கேடு?"

"ஒரு மனுசன் கண்ண எடுத்த கை சார் இது."

லோகநாதன் அதற்கு மேல் கையைப் பற்றிக் கேட்கவில்லை. "பொங்கலுக்கப்புறம் கூலி ஆளுங்கள நிறுத்தப் போறாங்க, தணிகாசலம். லிஸ்ட்டுல உன் பேரும் கீது. நாளைக்குக் காலைல எட்டு மணிக்கு வந்து சரின்னு ஒரு வார்த்தை சொல்லு, போதும்" என்றார்.

"நாளைக்கு ஊர்ல இருக்கமாட்டேன் சார். திருவாலங்காட்டுல அறுப்புக்குப் போணும். வருசா வருசம் போறது."

"அடப் போய்யா!" என்று எழுந்த லோகநாதன், வாசலில் குணசுந்தரியிடம் மட்டும் மெதுவாக, "பேஜாரு புடிச்ச மனுசன்மா. நல்ல மனுசன், அதான் வயிறு எரியுது" என்று சொல்லிவிட்டு சைக்கிளை மிதித்தார்.

தட்டில் களி வைத்தபடியே இருந்தது. நெய்யும் ஏலக்காயுமாக அந்த வாசனை வீடு முழுக்க நின்றது. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு திருவாதிரைக்கும் குணசுந்தரி இதே மாதிரி களிதான் கிண்டினாள். அன்று நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அப்போது அவர்களுக்கு மில்லும் கிடையாது, கும்மிடிப்பூண்டியும் கிடையாது. ஊர் ஊராகத் திருவிழாவுக்குப் போய் பலூன் சுடுகிற கடை போடுவார்கள். டீத்தூள் பெட்டிப் பலகையை அடித்து நிறுத்தி, அதில் வரிசையாகப் பலூன் கட்டி, ஏர்கன் இரண்டு. சுட வருகிறவர்களுக்குத் துப்பாக்கிதான் கண்ணில் படும். தணிகாசலத்துக்குத் துப்பாக்கிக்குள் இருக்கிற தோல் வாஷர்தான் உயிர். மடக்கி இழுத்தால் உள்ளே ஸ்பிரிங் அமுங்கும். விசையைத் தட்டினால் ஸ்பிரிங் ஒரு தண்டைத் தள்ளும், அது காற்றை அமுக்கும், காற்று குண்டைத் தள்ளும். அந்தத் தண்டின் தலையில் இருக்கிற தோல் காய்ந்துபோனால் காற்று ஒழுகிவிடும். பத்தடி தாண்டுவதற்குள் குண்டு தரையைப் பார்க்கும்.

எந்த எண்ணெய் போடுவது என்பதைப் பட்டணத்தில் துப்பாக்கி பழுது பார்க்கும் அருணாச்சலம் என்பவர் தணிகாசலத்துக்குச் சொல்லியிருந்தார். தையல் மெஷின் எண்ணெய் உள்ளே போகவே கூடாது. சமையல் எண்ணெயும் கூடாது. காற்று சட்டென்று அமுங்கும்போது உள்ளே கொதிக்கிற சூடு பிறக்கும். மெல்லிசான எண்ணெய் அதில் குப்பென்று பற்றிக்கொள்ளும். லாரி இன்ஜினுக்குள் டீசல் வெடிக்கிற அதே வெடிப்புதான். குண்டு இரண்டு பங்கு வேகத்தில் போகும். தோலுக்கு மாட்டுக் குளம்பை வேகவைத்து எடுக்கிற எண்ணெய்தான் சரி. அதுவும் மாசத்துக்கு ஒரு தடவை, நாலே சொட்டு. மடக்கினால் தெரிகிற காற்றுத் துளையில் விட்டு, பிடிக்கட்டையைக் கீழே ஊன்றி, ஒரு ராத்திரி முழுக்க நிமிர்த்தி வைத்தால் தோல் குடித்துக்கொள்ளும்.

தணிகாசலம் அதை வேதமாகப் பிடித்துக்கொண்டார். பெரியமேட்டுத் தோல் மண்டியிலிருந்து ஒரு புட்டி வாங்கிவந்து, மூச்சை அடக்கிக்கொண்டு ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று விடுவார்.

குணசுந்தரிக்கு அந்தப் புட்டியைக் கண்டாலே குமட்டும். அவள் உழவர் வீட்டுப் பெண். மாட்டுப் பொங்கலன்று அவள் அப்பா எருதின் குளம்பை மஞ்சள் தண்ணீரில் கழுவி, அந்தத் தண்ணீரைத் தொட்டுப் பிள்ளைகள் கண்ணில் ஒற்றுவார். அந்தக் குளம்பைக் காய்ச்சி எண்ணெய் எடுத்து, அதைப் பலூன் சுடுகிறதுக்குப் போடுவதா! "வேற எண்ணெயே கெடைக்கலியா உங்களுக்கு?" என்று கேட்டால் அவர், "தோலு மாட்டோடது. மாட்டு எண்ணெதான் அதுக்குச் சேரும்" என்பார். அதற்கு மேல் பேச்சில்லை.

அந்த வருஷம் திருவாதிரைக்குத் திருவாலங்காட்டுக் கோயில் பக்கம் கடை போட்டார்கள். தங்கியது ஒரே அறை. விடிந்ததும் தணிகாசலம் பலகை அடிக்கப் போய்விட்டார். குணசுந்தரி தலை முழுகி, நோன்பிருந்து, களி கிண்டி இறக்கி, விளக்கேற்றிவிட்டுத் திரும்பினால், விளக்குக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு துப்பாக்கி சாய்ந்திருந்தது. ராத்திரி எண்ணெய் விட்டு நிமிர்த்தி வைத்தது. நாலு சொட்டில் கொஞ்சம் துளை வாயிலேயே நின்று, கட்டை வழியாக வழிந்து, களிப் பாத்திரத்துக்கு ஒரு முழம் தள்ளித் தரையில் இறங்கியிருந்தது.

அந்த எண்ணெய்க் கையோடு இந்த மனுஷர் வந்து பிரசாதம் எடுப்பாரே என்று அவளுக்குப் பொறுக்கவில்லை. சாமி சந்நிதியில் இருந்து கூப்பிடு தூரத்தில் கடை. நல்ல நாளும் அதுவுமாக அந்தத் தீட்டு துப்பாக்கிக்குள் இருக்கலாமா? அவர் மடக்குவதைப் பார்த்தே பழகியிருந்ததால், துப்பாக்கியை மடக்கித் திறந்தாள். விளக்குக்கு ஊற்றுகிற நல்லெண்ணெயைச் சின்னக் கரண்டியால் எடுத்து அந்தத் துளையில் விட்டாள். ஒன்று போதாது என்று இரண்டு. மூன்றாவதும் விட்டாள். உள்ளே கழுவிக்கொண்டு போய்விடும் என்பது அவள் கணக்கு. வெளியில் வழிந்ததைத் துணியால் துடைத்தாள். கட்டையில் மஞ்சள் குழைத்துத் தடவி, ஒரு குங்குமப் பொட்டும் வைத்தாள். வைத்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தபோது அவளுக்கு மனசு நிறைந்திருந்தது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்களே, அப்போது அவளுக்கு அது பிள்ளையாராகத்தான் தெரிந்தது.

உச்சி வேளையில் கோயில் கூட்டம் வெளியே கொட்டியது. ஒரு துப்பாக்கி போதவில்லை. பொட்டு வைத்த துப்பாக்கியைத் தணிகாசலம் எடுத்து ஒரு வாலிபன் கையில் கொடுத்தார். வாலிபன் சுட்டான். ஏர்கன் சத்தம் நமக்குத் தெரியும், டப்பென்று ஒரு தட்டல். அன்று வேட்டுச் சத்தம் கேட்டது. குழலிலிருந்து நீலப் புகை வந்தது. கூட்டம் ஒரு கணம் கைதட்டக்கூடச் செய்தது. பலகைக்குப் பின்னால் வண்டி மாட்டுக்கு வைக்கோல் உதறிக்கொண்டிருந்த மாரியப்பன் என்கிற உள்ளூர் விவசாயி, முகத்தைப் பொத்திக்கொண்டு மண்டிபோட்டதை அப்புறம்தான் பார்த்தார்கள். குண்டு பலகையைத் துளைத்துப்போய் அவருடைய வலது கண்ணில் இறங்கியிருந்தது.

கண் போய்விட்டது. திருவள்ளூர் ஆஸ்பத்திரி வாசலில் ஊர்ப் பெரியவர்கள் சூழ்ந்துகொண்டு, துப்பாக்கிக்கு எண்ணெய் போட்டது யார் என்று கேட்டார்கள். குணசுந்தரி வாயைத் திறப்பதற்குள் தணிகாசலம் முன்னால் வந்தார்.

"நான்தாங்க போட்டேன். நாலு சொட்டுதான் போடணும். கை நழுவிப் போயிருக்கும்."

அவர் யாரையும் காப்பாற்றுவதற்காக அதைச் சொல்லவில்லை. மனசார நம்பித்தான் சொன்னார். அவரைத் தவிர வேறு யாரும் அந்தத் துப்பாக்கிக்கு எண்ணெய் போட்டதே இல்லை.

குணசுந்தரிக்கு அன்று பயம். மறுநாள் சொல்லலாம் என்றால், நேற்று ஏன் சொல்லவில்லை என்று கேட்பாரே என்று பயம். ஒரு மாசம் கழித்து, ஒரு மாசமாக ஏன் சொல்லவில்லை என்பாரே என்று பயம். தான் பொய் சொல்லவில்லை, சொல்லாமல்தானே இருக்கிறோம் என்று முதல் வருஷம் தன்னைத் தேற்றிக்கொண்டாள். இரண்டாம் வருஷத்தில் அந்தத் தேறுதலும் செல்லாக்காசாகிவிட்டது.

தணிகாசலம் துப்பாக்கி இரண்டையும் போலீஸ் ஸ்டேஷனில் கொண்டுபோய்ப் போட்டார். மாரியப்பன் கேஸ் கொடுக்கவில்லை. அடுத்த வருஷம் திருவாதிரைக்கு மறுநாள் தணிகாசலம் தானாகவே ஓர் அரிவாளோடு அவருடைய வயலில் போய் நின்றார். கூலி வாங்காமல் நாலு நாள் அறுத்துக் கொடுத்துவிட்டு வந்தார். அப்படியே எட்டு வருஷம். மாரியப்பன் வா என்றதில்லை, வராதே என்றதும் இல்லை. மற்ற ஆட்களுக்குத் தண்ணீர்ச் சொம்பைக் கையில் கொடுப்பார். தணிகாசலத்துக்கு மட்டும் வரப்பில் வைத்துவிட்டுத் திரும்பிப் போவார். இரண்டு பேரும் ஒரே சாதிசனம்தான். அது கண்ணுக்கான கோபம். தணிகாசலம் அதை வீட்டில் ஒரே ஒரு தடவை சொன்னார். நியாயம்தானே என்றும் சொன்னார்.

லோகநாதன் போன பிறகு தணிகாசலம் கொல்லையில் உட்கார்ந்து நாளைக்காக அரிவாளைத் தீட்டிக்கொண்டிருந்தார். தண்ணீர் தெளித்துத் தெளித்துக் கல்லில் இழுத்தார். அவருடைய கையையே பார்த்துக்கொண்டு குணசுந்தரி நின்றாள். நடுக்கம் இல்லாத கை. இத்தனை நாளும் ஒரு வார்த்தையில் அந்தக் கையை அவருக்குத் திருப்பிக் கொடுத்திருக்கலாம். இப்போது வேலையும் போகப்போகிறது. அப்போதும் இந்த மனுஷர் தன் கையைத்தான் சபித்துக்கொண்டு இருப்பார்.

"எண்ணெ ஊத்துனது நான்" என்றாள்.

"விளக்குக்கா?"

"துப்பாக்கிக்கு."

கல்லில் அரிவாள் நின்றது.

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். களிப் பாத்திரம், தரையில் வழிந்தது, நல்லெண்ணெய், மஞ்சள். எதையும் மென்று விழுங்கவில்லை. முடித்ததும் அவர் கேட்டார்:

"எந்தக் கரண்டி?"

அவள் உள்ளே போய் விளக்குக் கரண்டியை எடுத்துவந்தாள். ஒன்பது வருஷமும் அதே கரண்டிதான். அவர் அதை வாங்கி விரலால் குழியைத் தடவிப் பார்த்தார்.

"இதுல அறுவது சொட்டு புடிக்கும்" என்றார். "எத்தினி வாட்டி?"

"மூணு."

"நூத்தி எண்பது." கரண்டியைத் திருப்பிப் பிடித்தார். "அப்போ நான் போட்டது நாலுதான்."

"நாலுதாங்க."

"நாலுதான் போட்டேன், குணா." சொல்லும்போதே அவர் குரல் உடைந்துவிட்டது. "கட்டைல பொட்டு வச்சிருந்தியே, பாத்தேன். சாமி கும்பிட்டுக்கீறான்னு சந்தோசப்பட்டுக்கினு எடுத்துக் குடுத்தேன். ஒம்போது வருசமா எண்ணாத நாளில்ல. கண்ண மூடுனா ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலுன்னு ஓடும். அஞ்சாவது விழுந்துச்சா, ஆறாவது விழுந்துச்சான்னு ஒரே ரோதனை. நீ பக்கத்துலதான படுத்துக்கினு இருந்த?"

அவர் கை ஓங்கியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு. அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வெளியே போனார்.

விளக்கு வைக்கிற நேரத்துக்குத் திரும்பி வந்தார். அவளைப் பார்க்கவில்லை. நேராகச் சாமி மாடத்துக்குப் போய் எண்ணெய்ப் புட்டியை எடுத்து, அகலில் தானே ஊற்றினார். விளிம்பு வரைக்கும் வந்து நின்றது. ஒரு சொட்டு வெளியே விழவில்லை. அதையே பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். பிறகு திரியைத் தூண்டி ஏற்றினார். களியை மட்டும் அவர் தொடவே இல்லை.

விடியற்காலையில் குணசுந்தரி அரிவாளைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு, முதல் பாசஞ்சருக்குக் கிளம்பினாள். அவர் மில்லுக்குப் போகிற காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தார். அரிவாளைப் பார்த்தார். தடுக்கவில்லை. அவள் படி இறங்கினதும் பின்னாலிருந்து குரல் மட்டும் வந்தது.

"பேசின் பிரிட்ஜில எறங்கி வண்டி மாறணும். திருவாலங்காடு ஸ்டேஷன்லேந்து கெழக்கால போனா பம்புசெட்டு. அவரு அங்கதான் இருப்பாரு."

நேற்றைக்குப் பிறகு அவர் பேசிய முதல் பேச்சு அது.

வெயில் ஏறின பிறகுதான் அவள் போய்ச் சேர்ந்தாள். கதிர் சாய்ந்து கிடந்த வயலில் ஏழெட்டுப் பேர் அறுத்துக்கொண்டிருந்தார்கள். மாரியப்பன் பம்புசெட்டு நிழலில் நின்றிருந்தார். ஆஸ்பத்திரி வாசலில் பார்த்த முகம்தான், தலை நரைத்திருந்தது. ஒரு கண்ணாலேயே பார்த்துப் பழகியதால், அவளைப் பார்ப்பதற்கு முகத்தை முழுக்கத் திருப்ப வேண்டியிருந்தது. தணிகாசலம் வீட்டிலிருந்து வருகிறேன் என்றாள்.

"இன்னாம்மா, தணிகாசலம் வரலியா? ஒடம்பு கிடம்பு சரியில்லியா?"

"அவரு இனிமே வரமாட்டாருங்க. வர வேண்டியது அவரு இல்ல." அவள் துணியைப் பிரித்து அரிவாளைக் கையில் எடுத்தாள். "அவரு நாலு சொட்டு சரியாத்தான் போட்டாரு. அப்பாலே அவருக்குத் தெரியாம நான் நல்லெண்ணெய ஊத்துனேன். ஒங்க கண்ணு போனது என் கையாலங்க."

மாரியப்பன் வயலைப் பார்த்தார், வரப்பைப் பார்த்தார். பார்க்கப் பார்க்க முகம் கறுத்தது.

"அந்த ஆளுக்குத் தெரியுமா இது?"

"நேத்துதாங்க சொன்னேன்."

"நேத்தா! எட்டு வருசம்மா. எட்டு அறுப்பு. அந்த மனுசன் என் வயல்ல குனிஞ்சி எழுந்தான். ஒரு வாய் தண்ணி அவன் கையில குடுத்ததில்ல நானு. ஒரு தப்பும் செய்யாத மனுசனுக்கு நாய்க்கு வைக்கிற மாதிரி வரப்புல வச்சிட்டுப் போனேன். கண்ணு போனதுகூட என் தலையெழுத்துன்னு இருந்துட்டேன். இந்தப் பாவத்த எங்கம்மா கொண்டுபோய்க் கழுவுறது?"

குணசுந்தரி திட்டு விழும் என்று வந்திருந்தாள். இப்படி ஒரு வார்த்தை விழும் என்று அவள் நினைத்துப் பார்த்ததே இல்லை.

கடைசியில் அவர் கையை நீட்டி, "அந்த மேக்கு மூலைலேந்து அறு" என்றார்.

அவள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வயலில் இறங்கினாள். உழவர் வீட்டுப் பெண்ணுக்கு அறுப்பு மறந்துபோகாது. பிடி பிடியாக அறுத்துப் போட்டுக்கொண்டே போனாள். முதுகு விண்விண்ணென்று தெறித்தபோது, எட்டு வருஷம் இதே வெயிலில் இதே வயலில் குனிந்திருந்த இன்னொரு முதுகு நினைவுக்கு வந்தது. அழுதாள். அழுதுகொண்டே அறுத்தாள்.

உச்சிக்கு மாரியப்பன் குடத்தோடு வந்தார். ஆளுக்கு ஆள் சொம்பை மொண்டு கையில் கொடுத்துக்கொண்டே வந்தார். அவள் நிமிர்ந்து, அரிவாளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இரண்டு கையையும் நீட்டினாள். அவர் சொம்பை அவளுக்கு எட்டுகிற தூரத்தில் வரப்பில் வைத்தார். வைத்துவிட்டுத் திரும்பிப் போனார்.

குணசுந்தரி நீட்டின கையை மடக்கினாள். பிறகு குனிந்து, அந்தச் சொம்பை எடுத்துத் தண்ணீரைக் குடித்தாள்.